தன்வேதனைக் காட்சி

கத்திவாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருவர், விடியற்காலையில் விரல்கள் மடங்க மறுப்பதாகவும், அரிவாள்மணையின்முன் அமர்ந்து ஒரு மீனை ஆய்ந்து முடிப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிடுவதாகவும் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டார் அதனை வயதின்மேலும் உப்புக்காற்றின்மேலும் ஏற்றிவிட்டனர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓரிடத்திலோ, எலும்பு நன்றாகவே இருக்கிறது, வியாதி ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டனர். பின்னர் வாதநோய் மருத்துவர் ஒருவர் அவருடைய மணிக்கட்டில் அல்ட்ராசவுண்டு கருவியை வைத்தபோது, திரையின் சாம்பல் நிறப் பரப்பிடையே ஆரஞ்சு நிறப் பொறிகள் மினுங்கின. "பாத்தியாடா, நான் பொய்யா சொன்னேன்?" என்று அவர் மகனைக் கேட்டாராம்.

அந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. அப்பொறிகள் தோன்றும்வரை அவருடைய துன்பம் எந்த நிலையில் இருந்தது?

அவரைப் பீடித்திருந்த முடக்குவாதம் என்பது, சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே தன் மூட்டுகளைப் பகையெனக் கொண்டு தாக்கும் விபரீதம். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு தடித்து, நீர் கோத்து, புதிய இரத்தக் குழாய்களை முளைப்பித்து, நாளடைவில் எலும்பையே அரிக்கிறது. மனிதச் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்குமேல் அறியாது. மூட்டைச் சோதிக்க அல்ட்ராசவுண்டு கருவி எழுப்பும் ஒலியோ பெரும்பாலும் ஒரு கோடி அதிர்வுகளையும் கடந்தது. அதன் எதிரொலி சவ்வின் தடிப்பைக் காட்ட, டாப்ளர் முறை இரத்த ஓட்டத்தை நிறமாக்கிக் காட்டுகிறது. மருத்துவர் அழற்சியை 0 முதல் 3 வரை தரமிடுகிறார். எக்ஸ்ரேயில் அரிப்பு புலப்படுவதற்கு முன்பே அழற்சியை இது காட்டிவிடும் என்பதே இதன் பெருமை.

ஆயினும் காண்பது ஒன்றே பிரமாணம் ஆகிவிடுமா? பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியாரில் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளைப் பிரமாணமாகக் கொண்டதோடு நில்லாமல், காண்டலையும் நான்காகப் பகுத்தார்: கண் முதலிய பொறிகளால் அறிவது வாயிற்காட்சி, மனத்தால் அறிவது மானதக்காட்சி, இன்ப துன்பங்களை உயிர் தானே நேராக அறிவது தன்வேதனைக் காட்சி, யோகியர் அறிவது யோகக்காட்சி. இங்கே வேதனை என்ற சொல் வலியை மட்டுமன்றி அனுபவ அறிவு முழுவதையும் குறிக்கும். ஆகவே, அந்த அம்மாளுக்குத் தம் வலி ஐயத்திற்கிடமான செய்தியன்று. அவருக்கு அது பிரத்தியட்சம். மருத்துவர் திரையில் கண்டது வாயிற்காட்சி. நமக்கோ அந்த அம்மாளின் சொல் உரையளவையாக வந்தது. படம் இல்லாததால் அதனை நாம் பிரமாணமாகவே எண்ணவில்லை. குற்றம் அங்கேதான் நிகழ்ந்தது என்பது என் துணிபு.

அருகே திருவொற்றியூரில், புற்றுருவான ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசம் பூண்டிருந்து, கார்த்திகைப் பௌர்ணமியையொட்டி மூன்று நாட்களே கவசமின்றிக் காட்சி தருகிறார். மற்ற நாட்களில் அவர் அங்கில்லை என்று எந்த அடியவரும் கருதுவதில்லை. மனிதருடைய துன்பத்தின் விஷயத்தில் மட்டும் கவசம் திறந்து காட்டினால்தான் நம்புவோம் என்கிறோம்.

மருத்துவ சாஸ்திரமும் படத்தைத் தலைவனாக வைக்கவில்லை. நார்வேயில் 238 நோயாளிகளை இரண்டாண்டுகள் கண்காணித்து 2016-இல் வெளியான ஆர்க்டிக் என்னும் பெயருடைய ஆய்வு, படத்தையும் பார்த்து அழற்சி முற்றிலும் அடங்கும்வரை மருந்தை மாற்றியவர்களுக்கும், மூட்டைத் தொட்டும் நோயாளியைக் கேட்டும் மாற்றியவர்களுக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை என்று கண்டது. படத்தில் பொறியிருந்தும் வலியற்றோர் உண்டு. பொறி அணைந்த பின்னும் வலி நீங்காதோர் உண்டு. பின்னவரைப் பொய்யர் என்பது, கருவியின் எல்லையையே உண்மையின் எல்லையாகக் கொள்ளும் அறியாமை.

ஆதலால், காலையில் விரல் மடங்க ஒரு மணி நேரமாகிறது என்று உங்கள் வீட்டில் ஒருத்தி சொல்வாளாயின், அச்சொல்லையே பிரமாணமாகக் கொண்டு அந்த வாரமே அவளை அழைத்துச் செல்லுங்கள். அழற்சியை மருந்து தணிக்கும், அரித்துப்போன எலும்பைப் பழையபடி ஆக்குவது அரிது. கத்திவாக்கத்தில் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கினால், எதிரேயுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது.