மறைத்தலும் நிறுத்தலும்

நற்காட்சிக்கு உறுப்புகள் எட்டு என்பதை நம் இல்லத்துச் சிறுவரும் அறிவர். ஐயமின்மை, அவாவின்மை என்று தொடங்கும் அவ்வரிசையில் பழிநீக்கல் ஒன்று. அதனை அடுத்து வருவது அழிந்தாரை நிறுத்தல். வடமொழி நூல்கள் இவற்றை உபகூஹனம், ஸ்திதிகரணம் என வழங்கும். முன்னது, பிறர் குறையைத் தூற்றாது காத்தல். பின்னது, நிலை தளர்ந்தவரை மீண்டும் நிலைபெறச் செய்தல். இவ்விரண்டும் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருப்பதன் பொருளை, மனநோயுற்றோரை முன்னிட்டு இங்குச் சிந்திப்போம்.

நம் சமூகம் சிறியது. பெண் கொடுப்பதும் கொள்வதும் அறிந்த சில ஊர்களுக்குள்ளேயே பெரிதும் நிகழ்வதால், ஓர் இல்லத்தில் ஒருவருக்கு மனநோய் எனின் அதனை மறைக்கவே முற்படுகிறோம். நானும் இப்பிழை செய்தவன். திருமணப் பேச்சு ஒன்றில் என் சிறிய தந்தையாரைப் பற்றி வினவியபோது, அவர் வடநாட்டில் பணியில் இருப்பதாகக் கூறினேன். அவரோ பின்கட்டு அறையில் இருந்தார். நான் சொன்னது அவர் செவியிலும் விழுந்தது. பழிநீக்கல் என்று என் மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் எவர் பழியை நீக்கினேன்? குடும்பத்தின் பெயரைக் காத்து, அவரை இல்லாதவராக்கினேன். வாய்மையும் போயிற்று, அஹிம்சையும் போயிற்று.

'அவரவர் வினைப்பயன்; நாம் என் செய்வது?' என்பாரும் உளர். அசாதா வேதநீய வினையின் உதயமே துன்பம் என்பது உண்மை. ஆயினும் வினை உதயமாவதற்குத் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் ஆகியன நிமித்தமாகும் என்பதும் நம் கொள்கையன்றோ? நோயுற்றவர் வாழும் இடமும், சூழ்ந்துள்ள மாந்தரும் அந்நிமித்தத்துள் அடங்குவர். நாம் நன்னிமித்தம் ஆகலாம். தீய நிமித்தமும் ஆகலாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தோர் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். சங்கிலி பூட்டியது வினையன்று, மனிதர் கை. அவ்வாறு பிணிப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்துள்ளது.

நன்னிமித்தம் ஆவது எவ்வாறு? மருந்து இன்றியமையாதது, அதனை எவரும் தம் விருப்பப்படி நிறுத்தலாகாது. ஆனால் மருந்து மட்டும் போதாது. 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், சிகிச்சையோடு மறுவாழ்வுப் பயிற்சியையும் இணைத்தது. 1993இல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, 2015 முதல் வேறொரு வழியையும் கண்டது. நெடுங்காலம் காப்பகத்தில் வாழ்ந்த பெண்களுள் மனம் ஒத்த நால்வர் ஐவர் சேர்ந்து, ஊர் நடுவே ஒரு வாடகை வீட்டில் குடியமர்ந்தனர். பணியாளர் ஒருவர் துணை நிற்க, சமைப்பதும் கடைக்குச் செல்வதும் அக்கம்பக்கத்தாரோடு பழகுவதும் அவர்கள் வாழ்வாயின. நோயுற்றவர்க்கு நோயுற்றவரே குடும்பமாயினர்.

கடல் கடந்தும் சான்று உண்டு. பிரேசில் நாட்டு மருத்துவர் நீசி ட சில்வெய்ரா, நோயாளருக்கு மின்னதிர்ச்சி அளிக்க மறுத்து, 1946இல் ரியோ டி ஜெனீரோ மருத்துவமனையில் ஓவியக்கூடம் ஒன்றைத் திறந்தார். அவர்கள் தீட்டிய ஓவியங்களுக்கென 1952இல் ஓர் அருங்காட்சியகமே எழுந்தது. நாய்களையும் பூனைகளையும் நோயாளருக்குத் தோழராக அவர் பழகவிட்டார் என்பது, உயிரன்பைப் போற்றும் நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

இவற்றுள் உறையும் அறம் யாது? தானம் பெறுபவராகவே ஒருவரை என்றும் வைத்திருப்பது, அவர் உயிரின் ஆற்றலை மறுப்பதாகும். அனந்த வீரியம் எல்லா உயிர்க்கும் இயல்பு. நோய் அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. நட்பில் பெறுபவர் தாமும் கொடுக்கிறார். உடனிருந்து ஒரு கோலமோ பாடலோ ஆக்கும்போது, மறைந்த ஆற்றல் சிறிது வெளிப்படுகிறது. மேலும், வழுக்கி வீழ்ந்து எழுந்தவரே வழுக்கும் இடத்தை நன்கறிவார். நிறுத்தப்பட்டவர் பிறரை நிறுத்த வல்லவர்.

கொல்லிமலையின் ஆலத்தூர் நாடு போன்ற மலைநாட்டார், சிறப்பு மருத்துவரைக் காணச் சமவெளிக்கு இறங்க வேண்டியவர்கள். காரவள்ளிச் சாலையில் மட்டும் கொண்டை ஊசி வளைவுகள் 70. அவ்வளவும் கடந்து மருந்தை வாங்கி வரலாம். தோழமையை அங்ஙனம் வாங்கி வர இயலுமோ? அது சாமையும் தினையும் போல அவ்வூர் மண்ணிலேயே விளைய வேண்டும். வந்தவாசி, ஆரணி, செஞ்சி வட்டாரத்து நம் ஊர்களுக்கும் இதுவே பொருந்தும்.

என் சிறிய தந்தையார் இன்று இல்லை. இளமையில் அவர் கோயில் விழாவிற்கு அழகுறப் பூமாலை கட்டுவார். நோய் வந்தபின் ஒருவரும் அவர் கையில் நாரைக் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இனி வரும் ஜினாலய விழாவில், உங்கள் ஊரில் அவ்வாறு பின்கட்டில் இருப்பவர் ஒருவரை அழையுங்கள். விருந்தினராக ஓரத்தில் அமர்த்த வேண்டா. அருகில் அமர்ந்து, அவரோடு சேர்ந்து ஒரு மாலை கட்டுங்கள்.