ஓடுவோன் ஈவது யாது?

பிறர்பொருட்டு நெடுந்தொலை ஓடுதல் என்னும் வழக்கம் நம்மவரிடையேயும் பரவி வருகின்றது. மும்பை மாநகரில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நெடுந்தொலை ஓட்டத்தில் 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஓடுவோர் உளர். அதிற் பாதி ஓடுவோரும் உளர். அவருட் பலர், ஓட்ட நாளுக்கு முன்னரே உற்றாரையும் உடன் பணிபுரிவோரையும் அணுகி, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கோ நோயாளரின் மருந்துக்கோ பொருள் வேண்டிப் பெறுகின்றனர். முதன்முறை ஓட விழையும் இளைஞர்க்கு இதில் ஓர் ஐயம் எழுகின்றது: பணம் கொடுப்போர் பிறராயிருக்க, ஓடுவோன் ஈவது யாது? அவன் நடுவழியில் நின்றுவிட்டால் அத்தானம் என்னாகும்?

வினா சிறிதன்று. பொருளைக் கொடுப்பவன் வியர்ப்பதில்லை. வியர்ப்பவன் பொருளைக் கொடுப்பதில்லை. நோயாளிக்கு வேண்டுவது மருந்து. இடையில் ஓட்டம் எதற்கு, நேரே கொடுத்துவிடலாகாதா எனச் சிலர் நகைப்பர். அந்நகைப்பில் சிறிது நியாயமும் உண்டு. ஆயினும், நேரே கொடுக்கலாம் என்று நன்கறிந்தும் கொடாது இருந்தவர் நாம் அல்லமோ? அண்டை வீட்டுப் பிள்ளை நான்கு திங்களாக விடியுமுன் எழுந்து ஓடிப் பழகுவதைக் கண்ட பின்னரே நம் கை சட்டைப்பையினுள் செல்கின்றது. அப்பயிற்சியும், கூச்சத்தை அடக்கிப் பிறர்க்காக வாயில்தோறும் நின்று கேட்கும் மனமுமே ஓடுவோன் ஈவன. (சங்க நிதிக்கு ரசீதுப் புத்தகம் ஏந்தித் தெருத்தெருவாய்ச் சென்றோர் அக்கூச்சத்தை அறிவர்.)

வலி மிகுந்தால் புண்ணியமும் மிகும் என்று எண்ணுவோர் பலர். யான் நூற்பாலையில் ரிங் பிரேம்களுக்கிடையே ஒரு ஷிப்டில் பல மைல் நடந்தவன். கால் வீங்கியதுண்டு. அதனைத் தானமென்று எவரும் கூறிற்றிலர், யானும் கூறேன். அது கூலிக்கு நடந்த நடை. வலியை மட்டும் வைத்து ஒரு செயலின் அறத்தை அளக்கவியலாது.

சோண கோளிவீசரின் வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். செல்வர் மகனாகிய அவர் மிக மெல்லிய பாதமுடையவர். துறவு பூண்டபின் இடைவிடாது நடந்து தியானித்தமையால் பாதம் வெடித்து, நடைபாதை முழுதும் குருதி படிந்தது. மனந்தளர்ந்து இல்லத்துக்கே மீள எண்ணினார். அவர் முன்பு வீணை பயின்றவர். ஆதலின், நரம்பை மிக முறுக்கினும் மிகத் தளர்த்தினும் இசை எழாது என்பதைப் பகவன் புத்தர் அவர் வாயாலேயே சொல்லச் செய்தார். இதுவரை பலரும் சொல்வர். பின்னர் நிகழ்ந்ததைச் சிலரே சொல்வர். ஒற்றைத் தோற் செருப்பு அணியுமாறு பகவன் சோணருக்கு இசைவளித்தார். தமக்கு மட்டும் அது வேண்டாமென அவர் மறுக்கவே, சங்கத்தார் அனைவர்க்கும் அவ்விசைவு கிடைத்தது. சிந்திய குருதிக்குப் புகழ் கிடைக்கவில்லை. காலுக்குச் செருப்புக் கிடைத்தது.

முதன்முறை ஓடுவோர்க்கு இது வெறுங்கதையன்று. கூட்டத்தின் ஆரவாரத்தில் மயங்கித் தொடக்கத்திலேயே விரைவோன், முழுத்தொலை ஓட்டத்தில் முப்பதாவது கிலோமீட்டரையொட்டித் தசைகளிற் சேமித்த மாவுச்சத்துத் தீர்ந்து தள்ளாடுகின்றான். அளவின்றித் தண்ணீர் பருகுவோன், குருதியில் உப்புக் குறைந்து உயிருக்கே இடர் தேடுகின்றான். மார்பு நோவும் தலைச்சுற்றலும் கண்டால் நிற்பதே முறை.

நின்றால் தானம் கெடுமோ? கனடா நாட்டு டெர்ரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர், எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலக்காலை இழந்தவர். நாட்டினர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் ஈய வேண்டுமென்று கருதி, 1980 ஏப்ரல் 12-இல் கீழைக் கடற்கரையிலிருந்து செயற்கைக் காலுடன் ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடியபின், செப்டம்பர் 1-இல், நோய் நுரையீரலிற் பரவியமை அறிந்து நின்றார். மேலைக் கடலை அவர் காணவில்லை. அன்றுவரை சேர்ந்தது 17 லட்சம் டாலர். 1981 பிப்ரவரிக்குள் அது 2 கோடியே 41 லட்சத்தைக் கடந்தது. அக்காலத்து அந்நாட்டு மக்கள்தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. அவ்வாண்டு ஜூன் 28-இல், 22-ஆம் அகவையில், அவர் மறைந்தார்.

புண்பட்ட காலுடன் அவர் ஓடியது நடுவழியோ என்று வாதிடலாம். பிறர் அதனைப் பின்பற்ற வேண்டுமென்று யான் கூறேன். சாவை அருகிற் கண்ட இளைஞனை அளக்க என்னிடம் கோலும் இல்லை. ஆனால் மக்கள் ஈந்தது அவர் கடலைத் தொட்டதற்காக அன்று என்பது தெளிவு.

ஆதலின் முதன்முறை ஓடுவோர், பொருள் வேண்டும்போதே, ஓடி முடிப்பேன் என வாக்களியாது, ஓட முயல்வேன் என்று மட்டும் கூறுக. பெற்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருக. அப்பொருளை ஓட்ட நாளுக்கு முன்னரே உரியவரிடம் சேர்த்துவிடுதல் நன்று. அங்ஙனம் செய்தால், முழங்கால் நொந்தவிடத்து நிற்பதற்கு எக்கடனும் தடையாக நில்லாது.