ஒரு பகலில் ஒரு நகரம்

வடக்கிலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் பாடசாலைகளின் பயண நிரல்கள் பெரும்பாலும் ஒரே சாயலுடையன. இரவிற் புறப்பட்ட பஸ் வண்டி விடியற்காலையில் நகரை அடையும். முகங் கழுவிக் காலையுணவு உண்டபின் பாராளுமன்றம், தேசிய நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்கா, தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, தாமரைக் கோபுரம், புறக்கோட்டைக் கடைவீதி, காலிமுகத்திடல், இயலுமாயின் கட்டுநாயக்கா விமான நிலையம் என எட்டு இடங்கள் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்கும். இரவு மீண்டும் பஸ் பயணம். இத்தாளைக் கண்டு எவரும் ஐயுறுவதில்லை. ஆயினும் ஒழுக்கவியல் சார்ந்த வினாவொன்று அதனுள் மறைந்து கிடக்கின்றது. முழுவதையும் காண்பதற்கு நேரமில்லாத ஒருவனுக்கு எதைக் காட்டுவது நீதியாகும்? எதை விடுவது நேர்மையாகும்?

முதலிற் கணக்கைப் பார்த்தல் வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் அமைந்த கொழும்பிற் பகற்பொழுது ஆண்டு முழுவதும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரமே. ஐம்பது பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கி, வரிசையில் நின்று, தொகை எண்ணப்பட்டு, மீண்டும் ஏறுவதற்கு ஓரிடத்தில் இருபது நிமிடம் செல்லுமெனக் கொள்ளின், எட்டு இடங்களுக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம் கழியும். இடம்விட்டு இடம் செல்ல அரைமணி வீதம் நான்கு மணி. காலி வீதியின் நெரிசலை அறிந்தோர் இது போதாதென்பர். உணவுக்கும் ஏனைய தேவைகளுக்கும் ஒன்றரை மணி. எஞ்சுவது மூன்று மணி ஐம்பது நிமிடம். எட்டாற் பிரித்தால் ஓரிடத்துக்கு முழுதாக அரைமணியும் இல்லை. அதிலும் மிருகக்காட்சிச்சாலை கோட்டையிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல் தெற்கேயும், விமான நிலையம் முப்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கேயும் உள்ளன. இடங்களை மூன்றாகக் குறைத்து அதே முறையிற் கணித்தால் ஓரிடத்துக்கு இரண்டரை மணிக்கு மேல் கிடைக்கின்றது. இதனைச் செய்வதற்குத் தத்துவம் வேண்டியதில்லை, கரும்பலகையொன்று போதும். கணிதம் கற்பிக்கும் ஆசிரியரே நிரலை வகுக்கும்போதும் இக்கணக்குச் செய்யப்படுவதில்லை என்பதுதான் வியப்புக்குரியது.

இப்பேராசை கொழும்புக்குச் செல்வோர்க்கு மட்டும் உரியதன்று. பாரிஸ் மாநகரின் லூவர் நூதனசாலையிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பொருள்கள் ஏறத்தாழ 35,000. ஒன்றன் முன் அரை நிமிடம் நிற்பவன், நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரம் நின்றாலும், அனைத்தையும் காண ஒரு மாதத்துக்கு மேலாகும். ஜேர்மன் பதிப்பாளரான கார்ல் பெடேக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியிட்ட வழிகாட்டி நூல்களிலே தவறவிடலாகாத இடங்களுக்கு நட்சத்திரக் குறி இட்டார். சிறிது காலமே தங்கக்கூடியவனுக்கு அது பேருதவியே. ஆனால் நட்சத்திரம் இடப்பட்டதும் அவ்விடத்தைப் பார்த்தல் ஒரு கடனாகிவிடுகின்றது. கடனைத் தீர்ப்பவன் பொதுவாக விரைந்து தீர்க்கவே விரும்புவான்.

ஆராய்ந்து தெளிதல் என்பது முடிவைப் பற்றியதன்று, முடிவை எய்தும் வழிகளைப் பற்றியதே என்பது அரிஸ்டோட்டிலின் ஒழுக்கவியற் கருத்துகளுள் ஒன்று. மருத்துவன் நோயாளியைக் குணப்படுத்துவதா இல்லையா என ஆராய்வதில்லை. எவ்வாறு குணப்படுத்துவது என்றே ஆராய்கின்றான். சுற்றுலா நிரல் வகுப்போர் வழிகளை மிக விரிவாக ஆராய்வர்: எந்தப் பஸ், எத்தனை உணவுப் பொதி, எங்கே குளியல். முடிவு யாதென்பது மருத்துவனுக்குத் தெரிந்திருப்பதுபோல் இவர்களுக்குத் தெரிந்திருக்கின்றதா? கொழும்பைக் காட்டுதல் என்பர். கொழும்பு என்பதனாற் கருதப்படுவது எட்டு வாயில்களும் அவற்றின் முன் எடுக்கப்படும் எட்டுப் புகைப்படங்களுமா என்று வினவின் விடை எளிதிற் கிடையாது.

நிரல் வகுப்போர் பக்கத்திலும் வலுவான நியாயம் ஒன்றுண்டு. அதனைப் புறக்கணித்து அவர்களைப் பழித்தல் முறையன்று. வன்னியின் உட்கிராமமொன்றிலிருந்து வரும் பிள்ளை கொழும்புக்கு மீண்டும் வருமென்று எவரும் உறுதி கூற முடியாது. சுற்றுலாப் பணத்தைச் செலுத்துவதற்காகச் சில வீடுகளில் என்ன விற்கப்பட்டது, எவரிடம் கைமாற்றுப் பெறப்பட்டது என்பதை வகுப்பாசிரியர் அறிவார். ஆகவே, ஒருமுறை வரும் பிள்ளைக்கு இயன்றவரை எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டுமென அவர் கருதுகின்றார். மேல்நாட்டு உல்லாசப் பயணி மூன்று நாள் ஒரே அருங்காட்சிக் கூடத்திற் செலவிடலாம். மறு ஆண்டும் அவனால் வர இயலும். நிதானம் என்பது வசதியுள்ளோரின் நற்குணம் என்று கூறுவோர் முற்றிலும் பிழையாகக் கூறவில்லை.

ஆயினும் இந்நியாயம் தன்னைத்தானே வெட்டிக்கொள்கின்றது. மீண்டும் வர முடிந்தவன் ஓரிடத்தை அரைகுறையாகப் பார்த்தால் அது திருத்தக்கூடிய பிழை. மீண்டும் வர முடியாதவனுக்கு அரைகுறையாகக் காட்டுவதோ திருத்த முடியாத பிழை. கடன்பட்டு வந்த பிள்ளையின் பகலே மிக அரிய பகல். அதில் நான்கு மணி நேரத்தைப் பஸ் யன்னலுக்குக் கொடுப்பவர், எட்டு இடங்களைத் தருவதாகப் பெற்றோரிடம் வாக்களித்து எட்டு வாயில்களைத் தருகின்றார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இல்லை. ஆனால் வாக்களித்தபோதே அது நிறைவேறாதென அறியக்கூடியதாக இருந்தது. கரும்பலகைக் கணக்கு அதனைக் கூறியிருக்கும். அறிந்திருக்கக்கூடியதை அறியாதிருத்தல் எவ்வளவு தூரம் குற்றமாகும் என்பதே இங்குள்ள வினா.

அரைமணியில் தவறிப்போவது என்னவென்பதற்கு நூதனசாலையையே எடுத்துக்கொள்ளலாம். தேசாதிபதி வில்லியம் கிறகரியின் காலத்தில், 1877 இல் திறக்கப்பட்ட அவ்வெண்ணிறக் கட்டடத்தினுள் நுழையும் பிள்ளைகள் வரிசை குலையாது நடந்து, 1934 இல் பிரித்தானியா திருப்பியளித்த கண்டியரசரின் சிம்மாசனத்தின் முன் சற்றுத் தயங்கி, மறு வாயிலால் வெளியேறுவர். அங்கேயே காலியிற் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டும் உள்ளது. 1409 ஆம் ஆண்டுத் திகதியைக் கொண்ட அக்கல்லைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணக் குழுவினர் இலங்கைக்குக் கொணர்ந்தனர். சீன மொழிப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்னும் திருமாலையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. காணிக்கையாக அளிக்கப்பட்ட பொன், வெள்ளி, பட்டு முதலியவற்றின் பட்டியல் மூன்றிலும் ஏறத்தாழ ஒத்திருக்கின்றது. 1911 இல் ஒரு பொறியியலாளர் இதனைக் கண்டபோது அது காலி நகரில் மதகொன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. மூன்று கடவுளருக்கு ஒரே தட்டிற் காணிக்கை வைத்த கல்லின்மேல் எத்தனையோ பேர் குனிந்து பாராமல் நடந்து சென்றிருக்க வேண்டும்! அரைமணி நிரலும் பிள்ளைகளை அவ்வாறே நடத்திச் செல்கின்றது. இப்போது கல் நிமிர்ந்து நிற்கின்றது என்பதொன்றே வேறுபாடு.

நகரை இடங்களின் பட்டியலாகக் காண்பது மட்டுமே பழந்தமிழ்ப் புலவரின் முறையாக இருக்கவில்லை. மாங்குடி மருதனார் 782 அடிகளிற் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரையைப் பொழுதுகளால் அளக்கின்றது. பகலங்காடி ஓய்ந்து அல்லங்காடி எழுகின்றது. இரவின் யாமங்கள் ஒவ்வொன்றிலும் நகரின் முகம் மாறுகின்றது. விடியலில் மீண்டும் ஒலிகள் பிறக்கின்றன. நடைமுறைக்கும் இதுவே பொருந்துவதாகும். கொழும்பிலும் இடங்களுக்கு வேளைகள் உண்டு. புறக்கோட்டையைப் பார்க்கத்தக்கது காலையில், கடைகள் திறந்து சுமைகள் இறங்கும் வேளையில். 1908 அளவில் எழுந்த சிவப்புப் பள்ளிவாசல் வெள்ளி நண்பகலில் தொழுகைக்கு வருவோரால் நிறைந்திருக்கும். அன்று அங்கே வேடிக்கை பார்க்க நிற்பது பண்பாகாது. சைவக் கோவில்கள் நண்பகலில் நடை சாத்துவன. வெயில் கொளுத்தும் நேரத்துக்கு ஏற்றது நூதனசாலையின் நிழல். 1859 இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் அமைத்த காலிமுகத்திடலை நண்பகலிற் காட்டுவோர் காய்ந்த புல்லையே காட்டுவர். மாலையிற் பட்டங்களும் இறால் வடைக்காரரும் நகரத்தின் சகல இனத்தவரும் அங்கே வந்துவிடுகின்றனர். காலையிற் புறக்கோட்டை, நண்பகலில் நூதனசாலை, மாலையிற் கடல் என மூன்று பொழுதுகளுக்கு மூன்று இடங்கள். ஐந்து இடங்கள் விடப்பட்டன என்பதை நிரலிலேயே எழுதி, அதற்கான காரணத்தையும் பெற்றோர்க்குக் கூறிவிடலாம்.

மூன்று இடங்களை நிதானமாகக் கண்டவன் நகரை அறிந்துவிட்டான் என்பதும் இதனாற் பெறப்படவில்லை. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரையின் வீதிகளை அவசரமின்றியே சுற்றி வருகின்றான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என அவன் கண்டவை பல. மீண்டு வந்து கவுந்தியடிகளிடம் மதுரையின் சிறப்பையும் தென்னவனின் ஆட்சியையும் புகழ்ந்துரைக்கின்றான். அவன் தலை வீழ்ந்ததும் அதே நகரில், அதே ஆட்சியிலேதான். கடைத்தெருவைக் கண்ட கண்ணுக்கு அரண்மனையின் நீதி புலப்படவில்லை. நல்ல நிரல் ஒருவனைத் தீர்ப்புரைக்கத் தகுதியுடையவனாக்கும் என்று எதிர்பார்ப்பவர் இக்காதையை ஒருமுறை படித்தல் நன்று.

நகரைப் பார்ப்பவனுக்கு நகரம் புலப்படாமற் போவது ஒருபுறம். பார்க்க வந்தவனை நகரம் எவ்வாறு பார்த்தது என்பதும் எண்ணத்தக்கது. 1990 இல் நின்றுபோன புகையிரதச் சேவை யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது 2014 ஒக்டோபரிலேதான். இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியிலே வடக்குத் தமிழர்க்குக் கொழும்பு என்பது கடவுச்சீட்டு, விசா, வைத்தியம், விடுதியறை என்பவற்றாலான நகரம். சோதனைச் சாவடியில் கேட்கப்பட்ட வினா, "ஏன் வந்தீர்?" என்பது. தக்க காரணமின்றித் தங்கியிருப்பதாகக் கூறப்பட்டு, 2007 யூன் 7 ஆம் திகதி முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் விடுதிகளிலிருந்து பஸ்களில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. "சும்மா பார்க்க வந்தேன்" என்பது அந்நாளில் எவரும் சொல்லத் துணியாத விடை. தன் நாட்டின் தலையாய நகரில் காரியம் எதுவுமின்றி ஒருவன் நிற்கலாம் என்பது எளிய உரிமையாகத் தோன்றும். அது மறுக்கப்பட்டிருந்தவர்களுக்கே அதன் பெறுமதி தெரியும். அன்று விடுதிகளில் மாதக்கணக்கிற் காத்திருந்தோரில் எத்தனை பேர் நூதனசாலையின் வாயிலைக் கடந்திருப்பர்? அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று கையில் நிரலோடு பஸ்ஸில் வருகின்றனர். அவர்களையும் ஒவ்வோர் அரைமணிக்கும் கணக்குக் காட்டச் சொல்லி விரட்டுதல் பொருந்துமா?

இங்கு ஒரு முரண்பாடு எழுகின்றது. கல்வெட்டுக்காகத் தாமரைக் கோபுரத்தை விடச் சொல்பவரும் பிள்ளைகளின் பகலைத் தம் விருப்பப்படியே செலவிடுகின்றார். எட்டு இடங்களை எழுதிய ஆசிரியர் செய்ததும் அதுவே. 2022 இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட அக்கோபுரம் 350 மீற்றர் உயரமானது; பனைக்கு மேல் உயரமான எதிலும் ஏறியிராத பிள்ளைக்கு அதன் உச்சியிலிருந்து கடலைக் காண்பது கல்வெட்டினுங் குறைந்த அனுபவம் என எந்த அளவுகோலால் நிறுவுவது? வளர்ந்தோரின் இரசனையைப் பிள்ளைகளின் நன்மையெனப் பெயரிட்டுக்கொள்வது கல்வியுலகில் மிகப் பழைய வழக்கம். ஆதலின் இடங்களைத் தெரியுமுன் பிள்ளைகளைக் கேட்டல் வேண்டும். கேட்பதற்குமுன் கரும்பலகைக் கணக்கை அவர்கள் முன்னிலையிலேயே செய்து காட்டுதல் வேண்டும். மூன்று இடங்களுக்கே பகல் போதுமென்பதை அறிந்தபின் அவர்கள் தெரிவது உண்மையான தெரிவாக இருக்கும். கோபுரமே வேண்டுமெனப் பெரும்பாலோர் கூறக்கூடும். நூதனசாலையும் இடம்பெற்று, அங்கே இரண்டரை மணி நேரம் கிடைத்துவிட்டால், மும்மொழிக் கல்லின் முன் நின்று தமிழ் வரிகளை எழுத்துக்கூட்ட விரும்புவோர் இரண்டு மூன்று பிள்ளைகளே இருப்பர். ஓர் ஆசிரியர் அவர்களோடு நிற்கலாம். ஏனையோர் முற்றத்து ஆலமரத்தடியில் அமர்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரங்களைப் பகிர்ந்துண்டுகொண்டிருப்பர். அவர்களை எழுப்பி உள்ளே அனுப்ப வேண்டிய அவசரம் அன்று இராது.