பொம்மைத் துப்பாக்கியும் பழுதுபார்ப்போனும்

தன்னாமுனையில், பழுதுற்ற பொம்மைத் துப்பாக்கியொன்றைச் சிறுவன் தந்தையிடம் கொணர்கிறான் எனக் கொள்வோம். காற்றை அழுத்தி நுரையம்பு எய்யும் வகையது அது. ஆடுதண்டின் இறப்பர் வளையம் தேய்ந்தமையால் காற்றுக் கசிகிறது. அம்பு காலடியிலேயே விழுகிறது. வளையத்தை மாற்றிச் சிலிக்கன் கிறீஸ் பூசுதல் சிறுவேலையே. (தேங்காயெண்ணெய் இயற்கை இறப்பரைப் பருக்கச் செய்து கெடுத்துவிடும்.)

எனினும் தந்தையின் கை தயங்குகிறது. 1983 முதல் 2009 வரை போர் கண்ட நாட்டில், சிறுவரும் படைக்குச் சேர்க்கப்பட்ட மட்டக்களப்பில், துப்பாக்கியின் வடிவுக்கு மீண்டும் மூச்சுக் கொடுத்தல் தகுமா? மறுத்தல் எளிது, மறுக்கப்பட்ட பிள்ளையோ பூவரசந்தடியாற் குறிபார்ப்பான். அருகிருத்திப் பழுதுபார்த்தால், அச்சமூட்டும் அவ்வடிவினுள் இருப்பது காற்றும் இறப்பருமே என அவன் கண்டுகொள்வான். இவ்வாதமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று: மெய்த் துப்பாக்கி ஏந்திய சிறுவருக்கும் அதனைக் கழற்றிப் பூட்டக் கற்பிக்கப்பட்டது.