இற்றும் ஆக்கமும்: நகரத்து ஒலி, ஒளிப்படக் கலைகளில் இயற்கை

1994ஆம் ஆண்டில் பில் ஃபொண்டானா என்னும் அமெரிக்க ஒலிக்கலைஞர் பாரிசு நகர வெற்றி வளைவில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, தொலைவிலுள்ள நார்மண்டிக் கடற்கரையின் அலையோசையை அந்நேரத்திலேயே அங்கு ஒலிக்கச் செய்தார். வளைவைச் சுற்றிவரும் ஊர்திகளுள் ஒன்றும் நிற்கவில்லை. ஆயினும் அவற்றின் இரைச்சல் அலையோசையுள் அமிழ்ந்தது. கண்ணுக்கு ஊர்தி, காதுக்குக் கடல். இப்படைப்பு நகர மாந்தர்க்கு இயற்கையை மீட்டுத் தந்ததா, அன்றி மீட்டுவிட்டோம் என்னும் மனநிறைவை மட்டும் தந்ததா? கேட்போரை ஒலியாலும் ஒளிப்படத்தாலும் சூழ்ந்துகொள்ளும் கலைமுயற்சிகள் அனைத்தையும் நோக்கி எழுப்பத்தக்க அறவினா இது.

இதனைத் தெளிந்துகொள்ளத் தொல்காப்பியக் கிளவியாக்கம் துணைசெய்கின்றது. இயற்கைப் பொருளை இத்தன்மைத்து என்று கூறின் அமையும். செயற்கைப் பொருளை ஆக்கச்சொல் கொடுத்தே கூறல் வேண்டும். அவ்வாக்கம் காரணத்தை முதலாக உடையது என்பன அங்குக் காணும் விதிகள். செயற்கை என்பது ஈண்டு மனிதன் செய்த பொருள் மட்டுமன்று. காரணத்தால் தன்மை திரிந்த பொருளும் அதுவே. சொல்லுக்கு வகுத்த இவ்விலக்கணம் கலைக்கும் பொருந்துமோ என ஐயுறுவார் உளராகலாம். பொருந்தும் என்பதே என் கருத்து.

நெதர்லாந்தின் லெய்டன் நகரத்துப் பட்டாணிக் குருவிகளை ஆராய்ந்த ஸ்லாபெகூர்ன், பீட் இருவரும், இரைச்சல் மிக்க இடங்களில் வாழ்வன தாழ்சுருதியைத் தவிர்த்து உயர்சுருதியில் பாடுவதை 2003இல் வெளியிட்டனர். ஊர்தி இரைச்சல் பெரும்பாலும் தாழ்சுருதியினது. அதில் பாடினால் இணைக்குக் கேளாது. 2020இல் பெருந்தொற்றால் சான் பிரான்சிசுகோவின் போக்குவரத்து அடங்கியபோது, தலையில் வெண்பட்டை கொண்ட ஒருவகைச் சிட்டுகள் முன்னினும் மெல்லப் பாடின என்பதும் ஆய்வில் தெளிவாயிற்று. ஆகவே நகரப் பறவையின் பாடலை ‘இத்தன்மைத்து’ எனல் பொருந்தாது. ‘இத்தன்மைத்து ஆயிற்று’ என்றே கூறல் வேண்டும். பதிவிலிருந்து ஊர்தி ஒலியை வடித்து நீக்கிப் பறவையை மட்டும் வழங்கும் கலைஞர், விடையை வைத்துக்கொண்டு வினாவை அழித்துவிடுகிறார்.

நீக்குதலே குற்றம் என்பதன்று. கனடாவின் வான்கூவரில் ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப் 1989இல் உருவாக்கிய கிட்ஸ் கடற்கரை ஒலிப்படைப்பு இங்கு நினைக்கத்தக்கது. பாறைகளில் ஒட்டிவாழும் சிற்றுயிர்களின் மெல்லிய சொடுக்கொலியும் பின்னணியில் நகரின் உறுமலும் ஒருங்கே கேட்கின்றன. பதிவறையில் இந்நகரம் இல்லாததுபோல் காட்ட இயலும் என்று அவர் தம் குரலிலேயே கூறி, நம் காதுபடவே நகரத்தை நீக்குகிறார். பொய் செய்யப்படுவதை நாம் கேட்கிறோம். அதனால் அது பொய்யாவதில்லை. ஃபொண்டானாவின் கடலினும் இச்சிறு படைப்பே எனக்கு மேலானதாகத் தோன்றுகின்றது.

வழக்கில் ஆக்கச்சொல் காரணமின்றியும் வரும் என்று தொல்காப்பியரே இசைவு தருவதையும் மறத்தலாகாது. நோயாளியின் படுக்கையருகே ஒலிக்கும் தூய குயிற்குரலை எவரும் பழியார். அது மருந்து; அதனை அறிவென்று வழங்கும்போதே இடர் எழுகின்றது.

ஒளிப்படத்தின் நிலை இன்னும் கடியது. சான்று காட்டினுடையதேனும் நகரக் கலைக்கூடத்துக்கும் பொருந்துவதே. கலிபோர்னியாவின் லிங்கன் மெடோவில் 1988இல், மரங்களைத் தெரிந்து வெட்டுவதற்கு முன்னும், ஓராண்டு கழித்தும் பெர்னி கிராஸ் ஒலிப்பதிவு செய்தார். கண்ணுக்கும் ஒளிப்படக் கருவிக்கும் காடு மாறியதாகத் தோன்றவில்லை. பதிவிலோ பறவைக் குரல்கள் பெரும்பாலும் இல்லை. காரணத்தை மட்டுமன்றி ஆக்கத்தையே ஒளிப்படம் மறைத்துவிட வல்லது. நகரக் கிளியைப் படமெடுப்போர் மின்கம்பியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவதும் இவ்வகையினதே. அழகுணர்ச்சி என்று அதற்குப் பெயர்.

தில்லியில் காயமுற்று வீழும் பருந்துகளைப் பேணும் சகோதரரைப் பற்றி ஷௌனக் சென் இயக்கிய ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022) இதற்கு மாறானது. இரவு, குப்பைமேடு, தரையளவில் நகரும் ஒளிப்படக் கருவி, எலிகளின் கீச்சொலி, அப்பால் ஊர்தி விளக்குகள்: இவற்றை நெடுநேரம் காட்டிய பின்னரே அப்படம் பருந்தினிடம் வருகின்றது.