பித்தளை ஒட்டும் ஒரு கேள்வியும்

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பின் கூடு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. கைதவறிக் கீழே விழுந்தால் வெடித்துவிடும். வேளாண்மை தொடங்கியதும் சம்மாந்துறை, நிந்தவூர்ப் பக்கமிருந்து கல்முனையில் எங்கள் பட்டறைக்கு அப்படிக் கூடுகள் வரும். "இது ஒட்டுமா காக்கா?" என்பார்கள்.

ஒட்டும். ஆனால் இரும்புக் கம்பியால் ஒட்டப்போனால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விழும். வார்ப்பிரும்பில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் கரி இருக்கிறது. அது மெல்லிய செதில்களாக உள்ளே கிடக்கும். அழுத்தினால் அபாரமாகத் தாங்கும். இழுத்தால் செதில் ஓரங்களில் கிழியும். அறுவதற்கு முன் நூற்றில் ஒரு பங்குகூட நீளாது. பித்தளையோ வளைந்து, நீண்டு, கடைசியில்தான் அறும்.

அதனால் பித்தளைக் கம்பிதான். வெடிப்பைச் சரிவாக அராவி, வெங்காரம் தூவி, காஸ் தீயில் இரும்பை மங்கிய சிவப்புக்குக் கொண்டுவருவேன். பித்தளை 900 பாகை செல்சியஸ் அளவில் உருகும். வார்ப்பிரும்பு உருக 1150 பாகையாவது வேண்டும். சூடு போதாவிட்டால் பித்தளை உருண்டு உருண்டு நிற்கும். பதமான சிவப்பு வந்ததும் சட்டென்று படர்ந்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும். பிறகு உமிச்சாம்பலில் புதைத்து விடியும்வரை ஆறவிடுவேன்.

வெள்ளிக்கிழமைகளில் ஸூரத்துல் கஹ்ஃப் ஓதும்போது துல்கர்னைனின் தடுப்பு வரும். மலையிடைவெளியில் இரும்புப் பாளங்களை அடுக்கி, நெருப்பாகும்வரை ஊதச் சொல்லி, அதன்மேல் உருகிய செம்பை ஊற்றுகிறார். பட்டறைக்காரனுக்கு அந்த வரிசை நன்றாக விளங்கும். இதைக் காட்டிக் குர்ஆனை உலோகப் பாடநூலாக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கேள்வி வேறு: இரும்பின் கடினமும் பித்தளையின் இணக்கமும் யாருடையவை?

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, 'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வில் பஞ்சையும் நெருப்பையும் வைத்து இதைப் பேசினார். நெருப்பு பட்டதும் பஞ்சு எரிவதைக் காண்கிறோம். நெருப்பே எரித்தது என்பதை யாரும் காணவில்லை, எரிப்பவன் அல்லாஹ் என்றார். பொருள்களின் இயல்பை மறுத்தால் அறிவே இல்லாமற் போகும் என்று இப்னு ருஷ்து பதில் எழுதினார். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. இன்று உருகும் பித்தளை நாளை அதே சூட்டில் உருகாதென்றால் எந்த விவசாயிக்கு நான் வாக்குக் கொடுப்பது? ஆனால் கஸ்ஸாலி ஒழுங்கை மறுக்கவில்லை. அந்த ஒழுங்கு அல்லாஹ்வின் வழமை, அதை நம்பும் அறிவையும் அவனே நமக்குள் வைத்தான் என்றார்.

நான் கஸ்ஸாலி பக்கம்தான். தாவூத் நபிக்கு மென்மையாக்கப்பட்டதும் இதே இரும்புதான். கடினம் அதன் சொந்தச் சொத்தாக இருந்தால் அது எப்படி நடக்கும்? துல்கர்னைனும் தடுப்பு நின்ற பின், இது என் இறைவனின் கருணை, அவனுடைய வாக்கு வரும் நாளில் இது தூளாகும் என்றே சொல்கிறார். செம்பின் பெருமை பேசவில்லை.

பிஸ்மி சொல்லித்தான் தீ மூட்டுகிறேன். வெங்காரத்தையும் விடுவதில்லை. இரண்டில் ஒன்று போதும் என்போர் இரு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் கஸ்ஸாலியைப் பாதியிலேயே மூடிவிட்டார்கள்.