வீழ்ச்சியின்மீது பணயம்

பிறருடைய வீழ்ச்சியில் ஊதியம் தேடுதல் அறமாகுமா? வினா பழையதுதான். எனினும் அண்மைக் காலத்தில் அது என் வீட்டுத் திண்ணைக்கே வந்து அமர்ந்தது.

என்னிடம் தமிழ் பயின்ற இளைஞன் ஒருவன் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய களஞ்சியமொன்றில் கணக்கெழுதுகிறான். 2025 ஏப்பிரல் 2ஆம் திகதி அமெரிக்கா உலக நாடுகள்மீது புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தது. இலங்கைப் பொருள்களுக்கு 44 வீதம். சந்தைகள் சரிந்தன. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 சுட்டெண் நான்கு வணிக நாள்களில் ஏறத்தாழ 12 வீதம் வீழ்ந்தது. சந்தை மேலும் வீழும் என்று அவ்விளைஞன் கைபேசிச் செயலியொன்றின் வழியே தன் சேமிப்பைப் பணயம் வைத்தான். “விழுகிற சந்தையிலும் உழைக்கலாமாமே, சேர். அது பிழையா?” என்று என்னைக் கேட்டான்.

இதன் முறை எளிது. கையில் இல்லாத பங்கை இரவல் வாங்கி இன்றைய விலைக்கு விற்பது, விலை வீழ்ந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது, இடைவெளியை இலாபமாக்குவது. இன்றைய செயலிகளோ இரவல் வாங்கும் வேலையையும் ஒழித்து, விலையின் அசைவையே பந்தயப் பொருளாக்கிவிட்டன.

இதன் வரலாறு நம் ஊரோடும் தொடர்புடையது. நமது பிரெட்றிக் கோட்டை நிற்கும் இடத்தை 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னர், 1609இல், அக்கம்பனியோடு பகைத்துக்கொண்ட ஐசக் லெ மேயர் என்னும் வணிகரும் அவர் கூட்டாளிகளும் தம்மிடம் இல்லாத கம்பனிப் பங்குகளை அம்ஸ்ரடாமில் விற்றனர். விலை சரிந்தது. விதவைகளும் அநாதைகளும் நட்டமடைகின்றனர் என்று கம்பனி முறையிட்டது. 1610இல் அவ்வகை விற்பனை தடைசெய்யப்பட்டது. விதவைகளுக்காகக் கண்ணீர் வடித்த அதே கம்பனிதான் 1621இல் சாதிக்காயின் பொருட்டுப் பண்டாத் தீவுகளின் மக்களைக் கொன்று குவித்தது. ஆதலால், வீழ்ச்சியை எதிர்பார்ப்பவனைப் பழிப்போரெல்லாம் அறவோர் என்று கொள்வதற்கில்லை. பொய்யாக உயர்த்தப்பட்ட விலையை ஆராய்ந்து, அது பொய்யென வெளிப்படக் கூறுபவன் ஊருக்கு நன்மை செய்பவனாகவும் இருத்தல் கூடும்.

ஆனால் என் மாணவன் எந்தப் பொய்யைக் கண்டறிந்தான்? எந்த நிறுவனத்தின் கணக்கேட்டையும் அவன் பார்த்தவனல்லன்.

நிலாவெளி உப்பளத்தார் வெயிலை வேண்டுவர். கந்தளாய் உழவர் மழையை வேண்டுவர். ஒருவர் விருப்பம் மற்றவருக்கு இடராகலாம். ஆயினும் முடிவில் உப்போ நெல்லோ உலகுக்குக் கிடைக்கிறது. அறியாமற் கட்டிய பந்தயத்தில் விளைவது யாது? ஒருவன் பையிலிருந்த பணம் இன்னொருவன் பைக்குச் செல்கிறது, அவ்வளவே.

அதிலும் சிறியவன் பை பெரும்பாலும் வெறுமையாகிறது. நூறு ரூபாவுக்குப் பங்கு வாங்கியவன் இழக்கக்கூடியது நூறு ரூபா மட்டுமே. இரவல் பங்கை நூறு ரூபாவுக்கு விற்றவனோ, விலை முந்நூறானால் இருநூறு இழப்பான். அவன் நட்டத்துக்கு எல்லையே இல்லை. காத்திருக்கப் பெருமுதலாளியால் முடியும், கணக்கெழுதுபவனால் முடியாது. இந்தியாவில் 2022 முதல் 2024 வரையான மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் ஊக ஒப்பந்தங்களில் ஈடுபட்ட தனியாட்களுள் 93 வீதத்தினர் நட்டமடைந்தனர் என்று அந்நாட்டுச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வு கூறுகிறது.

ஏப்பிரல் 9ஆம் திகதி, நம் கடிகாரத்தில் இரவு பதினொரு மணியளவில், உயர்த்திய வரிகளுட் பெரும்பாலானவை 90 நாள்களுக்கு நிறுத்திவைக்கப்படும் என்ற செய்தி வந்தது. அன்று அதே சுட்டெண் 9.5 வீதம் உயர்ந்தது. முதலின் பத்து மடங்குக்குப் பந்தயம் கட்டியிருந்த என் மாணவனின் சேமிப்பு ஏறக்குறைய முழுவதும் அழிந்தது.

மறுநாள் வந்தவன் பணத்தைப்பற்றி அதிகம் பேசவில்லை. அவன் தமக்கை ஆடைத் தொழிற்சாலையொன்றில் தையல் வேலை செய்பவள். இலங்கையின் ஆடைகளை மிகுதியாக வாங்கும் நாடு அமெரிக்கா. வரி நீடித்தால் வேலை போகும் என்று ஒரு கிழமையாக உறங்காதிருந்தவள், அச்செய்தி கேட்டுக் கண்ணயர்ந்தாளாம். “அக்கா கும்பிட்டுக்கொண்டிருந்த நேரம், சேர், நான் வரி இன்னும் கூட வேணும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்” என்றான்.

என் விடையை அவனே கூறிவிட்டான். பணயம் வைத்தவன் நெஞ்சு, தான் வாழும் வீட்டின் கேட்டையே வேண்டத் தொடங்குகிறது. எந்த இலாபமும் இதற்கு ஈடாகாது.

அவனை மட்டும் நோதல் நேர்மையன்று. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐக் கடந்தது. சிக்கனமாகச் சேர்த்தவர்களின் பணம் கண்முன்னே கரைந்தது. உழைப்பும் சேமிப்பும் காவாத சமுதாயத்தில் இளைஞர் சூதினை நாடுவது வியப்பன்று. அந்நிலையை மாற்றும் பொறுப்பு நம் அனைவருடையதுமாகும்.

ஆயினும் அதுவரை என் மாணவருக்கு நான் கூறக்கூடியது இதுவே: விழும் சுவரைக் கண்டால் விலகி நில்லுங்கள், அது அறிவு. கீழே நிற்போரைக் கூவி எச்சரியுங்கள், அது அறம். சுவர் எப்போது விழும் என்று பந்தயம் கட்டாதீர்கள். அதன்கீழ் நிற்பவர் உங்கள் தமக்கையாக இருக்கலாம்.